அரசாங்கம் வைத்த மச்சம்

இணையதளத்துக்குச் சாய்தளம் கட்ட வேண்டும் என்று முதலில் சொன்னவர் பஞ்சநாதன்தான். இணையதளத்துக்கு எங்கே சாய்தளம் கட்டுவது என்று கேட்க மருதையனுக்கு வாய் வரவில்லை. பஞ்சநாதன் ஆழிப்பேரலை நினைவு இணையதள வாரியத்தின் காரைக்கால் அலுவலர். மருதையன் அதே அலுவலகத்தில் கணினி தட்டுகிற ஒப்பந்த ஊழியன். ஒப்பந்தத்தில் கேள்வி கேட்கும் வேலை எதுவும் குறிப்பிடப்பட்டிருக்கவில்லை.

வாரியத்துக்கு இருந்த ஒரே சொத்து அந்த இணையதளம். சுனாமி கொண்டுபோனவர்களின் பெயர், வயது, ஊர், படம் எல்லாம் அதில் இருந்தன. பெயரைத் தொட்டால் படம் பெரிதாகும். கீழே உள்ள விளக்கைத் தொட்டால் சுடர் எரியும். எந்தக் காற்றுக்கும் அணையாது என்பதைப் பஞ்சநாதன் எல்லாக் கூட்டங்களிலும் பெருமையாகச் சொல்வார்.

இருபத்தோராம் ஆண்டு நினைவு நாளுக்கு மூன்று மாதம் இருக்கும்போது மேலிடத்திலிருந்து ஆணை வந்தது. பார்வையற்றோர், காது கேளாதோர், கை நடுக்கம் உள்ளோர் என்று எல்லா மாற்றுத்திறனாளிகளும் இந்தத் தளத்தைத் தடையின்றிப் பயன்படுத்த ஏற்பாடு செய்ய வேண்டும். டிசம்பர் இருபத்தாறுக்குள் சான்றிதழ் வாங்கிவிட வேண்டும். பஞ்சநாதன் அதை மூன்று முறை படித்துவிட்டு, "தடையின்றின்னா சாய்தளம்தானே?" என்றார். ஒரு வாரத்தில் கொத்தனார் வந்தார். அலுவலகம் முதல் மாடியில் இருந்ததால், வாசலில் தொடங்கிய சாய்தளம் நேராகப் போய் மாடிப்படியின் முதல் படியில் முட்டி நின்றது. அதற்கும் நாடா வெட்டினார்கள். அன்று முதல் டீக்கடைக்காரர் தன் சைக்கிளை அதில்தான் சாய்த்து வைக்கிறார்.

பிறகுதான் சான்றிதழ் ஆலோசகர் அகரன் புதுச்சேரியிலிருந்து வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். கழுத்தில் ஓர் அடையாள அட்டை, கையில் ஒரு மடிக்கணினி, பேச்சில் பாதி ஆங்கிலம். தளத்தைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். பார்வையற்றவர் கைபேசியில் விரலை நகர்த்தினால், எழுத்தை அது வாய்விட்டுப் படித்துச் சொல்லும். ஆனால் படத்தை அதற்குப் படிக்கத் தெரியாது, படத்துக்குப் பின்னால் யாராவது வர்ணனை எழுதி வைத்தால்தான் சொல்லும், எழுதாவிட்டால் 'படம்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடும் என்று விளக்கினார். அவர் சொன்னவற்றில் உருப்படியான விஷயம் இது ஒன்றுதான்.

மற்றதெல்லாம் பஞ்சநாதனும் அவரும் சேர்ந்து செய்தது. தளத்தின் முகப்பில் 'மாற்றுத்திறனாளிகள் வாயில்' என்று தங்க நிறத்தில் ஒரு கதவு வைத்தார்கள். கதவைத் தொட்டால், மாற்றுத்திறனாளி என்பதற்கான மருத்துவச் சான்றிதழை நகலெடுத்து ஏற்றச் சொல்லும். ஏற்றினால், வந்திருப்பது மனிதர்தானா என்று சோதிப்பதற்காக ஒன்பது சிறு படங்களைக் காட்டி, படகு உள்ளவற்றை மட்டும் தொடச் சொல்லும்.

"கண்ணு தெரியாதவங்க படகை எப்படிங்க சார் தொடுவாங்க?" என்று மருதையன் கேட்டே விட்டான்.

"அதான் கீழ உதவி எண் குடுத்திருக்கோமே," என்றார் அகரன். உதவி எண் மருதையனுடைய மேசையில் இருந்த தொலைபேசி. அதிலிருந்து வெளியே பேச மட்டும்தான் முடியும். மணி அடிக்காமல் போய் நாலு வருஷம் ஆகிறது.

பரிசோதனை நாளன்று பஞ்சநாதன் கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு கணினி முன்னால் ஐந்து நிமிடம் உட்கார்ந்தார். அவர் கையைப் பிடித்து மருதையன் சுண்டெலியை நகர்த்தினான். டீயையும் அவனே வாயருகில் கொண்டுபோய்க் கொடுத்தான். துண்டை அவிழ்த்ததும் பஞ்சநாதன் அறிக்கை சொல்ல, மருதையன் தட்டினான்: "பார்வையின்மை தொடக்கத்தில் சிரமம் தருகிறது. ஐந்து நிமிடத்தில் பழகிவிடுகிறது."

வர்ணனை எழுதும் வேலை மருதையன் தலையில் விழுந்தது. அவன் அதை வெறுக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். பத்து வருஷமாகப் பெயரையும் வயதையும் தட்டித் தட்டி மரத்துப் போயிருந்த விரல்களுக்கு இது புதிதாக இருந்தது. முதல்முறையாக அந்த முகங்களைப் பார்த்தான். இரட்டைச் சடையை ரிப்பனில் மடித்துக் கட்டிய பள்ளிக்கூடப் பெண், விளக்கு வெளிச்சத்தில் ஒரு கண் பாதி மூடியிருக்கிறது என்று எழுதினான். கல்யாணச் சட்டையின் பொத்தானை மாற்றிப் போட்டிருக்கிற இளைஞன் என்று எழுதினான். முக்காடு நெற்றி வரை இறங்கியிருக்க, சிரிக்கக் கூடாது என்று வாயை இறுக்கிக்கொண்டிருக்கிற ஆஸியா பீவி என்று எழுதினான். தன் ஊரான போலகத்திலிருந்து தினமும் வண்டியில் வரும்போது அன்றைக்கு எழுத வேண்டிய முகங்களை நினைத்துக்கொண்டே வருவான். இரண்டு மாதத்தில் நானூற்றுப் பதினேழு முடிந்தது.

மிச்சம் அறுபத்து மூன்று. அந்த அறுபத்து மூன்று பேருக்கும் படம் கிடையாது. ஆளோடு வீடும், வீட்டோடு சுவரில் மாட்டியிருந்த படமும் போய்விட்டன. அவர்கள் பெயருக்கு எதிரே தலையும் தோளுமாக ஒரு சாம்பல் நிற நிழலுருவத்தை வாரியம் வைத்திருந்தது. எல்லோருக்கும் ஒரே நிழல். மருதையன் அறுபத்து மூன்று இடத்திலும் 'படம் இல்லை' என்று எழுதி முடித்தான்.

அகரனின் சோதனை மென்பொருள் சிவப்பு காட்டியது. ஒரே வாசகம் அறுபத்து மூன்று இடங்களில் வருகிறதாம், அது சோம்பேறித்தனமாம். ஒவ்வொன்றும் வேறு வேறாக இருந்தால்தான் பச்சை வரும். மருதையன் 'படம் கிடைக்கவில்லை', 'படம் கைவசம் இல்லை', 'படத்தைக் கடல் கொண்டுபோனது' என்று பதினொரு விதமாக எழுதிப் பார்த்தான். அதற்கு மேல் வரவில்லை. பஞ்சநாதனிடம் போய் நின்றான்.

"முகப்புல என்ன போட்டிருக்கோம்? 'என்றும் நம்மோடு இருக்கிறார்கள்'. உள்ள போனா அறுபத்து மூணு தடவை இல்லை, இல்லைன்னு சொல்லுது. வர்றவங்க என்ன நெனப்பாங்க?" என்றார் பஞ்சநாதன். "அந்தக் கட்டத்துக்குப் பேரு வர்ணனைதானேய்யா? வர்ணியுங்க."

"ஆளைப் பாத்ததில்லைங்களே சார்."

"சிலை செதுக்குறவன் சாமியைப் பாத்துட்டா செதுக்குறான்? அறுபத்து மூவர்னா நம்ம ஊருக்குப் புண்ணியமான எண்ணிக்கைய்யா. நாளைக்குள்ள முடிச்சிடுங்க."

மருதையன் தன் மேசைக்கு வந்தான். அவன் அப்போது தனக்குள் சொல்லிக்கொண்ட சமாதானத்தைப் பின்னால் நினைத்து நினைத்துக் கூசினான். கண் தெரிந்தவர்கள் இந்த வர்ணனையைப் படிக்கப் போவதில்லை, அது அவர்கள் கண்ணுக்கே படாது. கேட்கப் போகிறவர்களுக்கோ சரிபார்க்க வழியில்லை. இதைவிடப் பத்திரமான பொய் உலகத்தில் இருக்க முடியுமா? இருந்தாலும் முதல் பத்துப் பேருக்கு எழுதி எழுதி அழித்தான். பதினொன்றாவது ஆளிலிருந்து அழிப்பது நின்றுவிட்டது. டீக்கடைக்காரரின் அடர்ந்த புருவத்தை ஒருவருக்கு வைத்தான். நாகூர் பஸ் கண்டக்டரின் முன்வழுக்கையை இன்னொருவருக்கு வைத்தான். பஞ்சநாதனின் காதுகள் கூட ஒருவருக்குப் போயின.

நாற்பத்தோராவது பெயர் அல்லி. வயது இருபத்தாறு, கிளிஞ்சல்மேடு. எவ்வளவு யோசித்தும் ஒரு முகமும் வரவில்லை. அந்நேரம் பார்த்து அவன் மனைவி தமிழ்மொழி வீடியோவில் கூப்பிட்டு, "வரும்போது மத்தி வாங்கிட்டு வர்றீங்களா, காரப்பொடி மீனு வாங்கிட்டு வர்றீங்களா?" என்று கேட்டாள். மத்தி என்று சொல்லிவிட்டு, கண் முன்னால் இருந்ததை அப்படியே தட்டினான்: "நீண்ட முகம். சிரித்தால் இடது கன்னத்தில் குழி விழும். வலது கன்னத்தில் மிளகளவு மச்சம்."

மறுநாள் பச்சை வந்தது. நூற்றுக்கு நூறு. பஞ்சநாதன் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டினார். தளத்தில் இருந்த தன் சொந்தப் படத்துக்கும் ஒரு பக்க அளவில் வர்ணனை எழுதி வாங்கிக்கொண்டார். அதில் 'கருணை ததும்பும் கண்கள்' என்பது அவரே சேர்த்தது.

டிசம்பர் இரண்டாவது வாரம், காலை பதினோரு மணி இருக்கும், வெண்மதி படியேறி வந்தாள். கையில் வெள்ளைக்கோல், பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு அவள் சித்தி. இருபத்தாறு வயது. பிறவியிலேயே பார்வை கிடையாது. தனியார் பள்ளி ஒன்றில் வரலாறு நடத்துகிறாள். உள்ளே வந்ததும் முதல் வார்த்தையாக, "கீழ ஒரு சரிவு மாதிரி இருக்குங்களே, அதை எடுத்துடச் சொல்லுங்க, யாராவது விழுந்து வைக்கப் போறாங்க," என்றாள்.

பஞ்சநாதன் காதில் வாங்காமல் அகமகிழ்ந்து எழுந்தார். "தங்க வாயில் வழியா வந்தீங்களாம்மா?"

"இல்லைங்க. அதுல படகைத் தொடச் சொல்லுது. நான் எல்லாரும் போற வழியாத்தான் போனேன்." அவள் தயங்கினாள். "அதுல அல்லின்னு ஒருத்தரைப் பத்தி எழுதியிருக்கே, அது எங்கம்மா. எழுதுனது யாருங்க?"

"நாங்கதாம்மா. வாரியம்."

"அது சரிங்க. படத்தைப் பாத்து எழுதுன ஆளு யாரு?"

மருதையன் எழுந்து நின்றான். நிற்கிறான் என்பது அவளுக்குத் தெரியாது என்று உறைக்கச் சற்று நேரமானது. "நான்தாங்க," என்றான். அவள் சத்தம் வந்த பக்கம் திரும்பிக் கும்பிட்டாள்.

"எனக்கு அஞ்சு வயசுல அம்மா போயிட்டாங்க சார். அன்னிக்கு நான் கோட்டுச்சேரியில சித்தி வீட்டுல இருந்தேன், அதனால பொழச்சேன். அம்மா எப்படி இருப்பாங்கன்னு கேட்டா, உன்னாட்டமே இருப்பாங்கன்னு சொல்வாங்க. என் மூஞ்சியே எனக்குத் தெரியாது, அதுல எங்கம்மாவை எங்க போய்த் தேடுறது? மச்சம் இருக்குன்னு ஒருத்தரும் சொன்னதில்ல சார். நீங்கதான் சொன்னீங்க. மூணு நாளா அதையே திருப்பித் திருப்பிப் போட்டுக் கேக்குறேன்."

சித்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "எனக்கே மறந்துபோச்சு சார். கூடப் பொறந்தவ நான், எனக்கு மறந்துபோச்சு. சர்க்காருக்கு ஞாபகம் இருக்கு பாருங்க. எங்க போன்ல பாத்தா நெழலாட்டம் கருப்பாத்தான் தெரியுது, பழைய போனு. படத்தை ஒரு காப்பி போட்டுக் குடுத்தீங்கன்னா சட்டம் போட்டு மாட்டிக்குவோம்."

"விழா முடியட்டும்மா, மனு குடுங்க," என்றார் பஞ்சநாதன்.

மருதையன் இப்போதே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். அதற்குள் வெண்மதி கேட்டாள்: "சார், கண்ணைப் பத்தி எழுதலையே. அம்மாவுக்குக் கண்ணு எப்படி?"

"பெரிய கண்ணுங்க," என்றான் மருதையன்.

மற்ற பொய்களுக்கெல்லாம் மேலிடத்து உத்தரவு இருந்தது. இது ஒன்று அவனே தன் வாயால், எந்த உத்தரவும் இல்லாமல், அவள் முகத்துக்கு நேரே சொன்னது. வெண்மதி சிரித்தாள். இவ்வளவு சந்தோஷமாக யாரும் அவனைப் பார்த்துச் சிரித்ததில்லை. அவளோ பார்க்கக்கூட இல்லை. அவர்கள் படியிறங்கிப் போனதும் பஞ்சநாதன் கையைத் தட்டி, "விழாவுக்கு ஒரு மாற்றுத்திறனாளி வேணும்னு தேடிக்கிட்டிருந்தேன், தானா வந்து நிக்குது பாருங்க," என்றார்.

அன்றைக்கு வீட்டில் தமிழ்மொழி சோறு போடக் குனிந்தபோது மச்சம் அவன் கண்ணுக்கு நேரே வந்து நின்றது. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னான். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என் மச்சத்தை யாரைக் கேட்டுத் தூக்கிக் குடுத்தீங்க?" என்றாள் முதலில். தட்டை அவன் பக்கம் திரும்ப நகர்த்திவிட்டு, "அந்தப் புள்ளகிட்ட போய்ச் சொல்லிடுங்க," என்றாள்.

அவன் அந்தப் பிள்ளையிடம் போகவில்லை. பயந்தவன் செய்வதையே அவனும் செய்தான், மேலதிகாரியிடம் போனான். பஞ்சநாதன் பதறிப்போய் அகரனை வரவழைத்து அவசரக் கூட்டம் போட்டார். அகரன் நிதானமாக இருந்தார். "முகம் தப்பா இருக்கலாம் சார். ஆனா அணுகல் சரியா இருக்கு. எங்க சான்றிதழ் அணுகலுக்குத்தான், முகத்துக்கு இல்ல," என்றார்.

"கேட்டீங்களாய்யா?" என்று பஞ்சநாதன் மருதையன் பக்கம் திரும்பினார். "அந்தப் பொண்ணு சந்தோஷமா இருக்குல்ல? அரசாங்கத்துனால ஒரு ஆளு சந்தோஷமா இருக்கறதே அபூர்வம். அதையும் போய்க் கெடுக்கணுங்கறீங்க. உங்களுக்கு மனசாட்சி இருக்கா?" மனசாட்சி இருக்கிறதா என்று கேட்கப்பட்டதில் மருதையனுக்கு நிஜமாகவே குழப்பம் வந்துவிட்டது. கூட்ட நடவடிக்கைக் குறிப்பை அவனையே தட்டச் சொன்னார்கள். "கிளிஞ்சல்மேடு அல்லி அவர்களின் வலது கன்னத்தில் மச்சம் இருந்தது என்பதை இக்கூட்டம் ஒருமனதாக உறுதி செய்கிறது. சான்றிதழ் பெற்ற பின் வர்ணனையை மாற்றுவது நினைவை அவமதிப்பதாகும்." ஒருமனதாக என்ற சொல்லில் தன் மனதும் சேர்த்தியா என்று யோசித்துக்கொண்டே தட்டி முடித்தான். கையெழுத்தும் போட்டான்.

டிசம்பர் இருபத்தாறு காலை கடற்கரையில் பந்தல் போட்டிருந்தார்கள். கிளிஞ்சல்மேட்டு ஜனங்கள் காலையிலேயே கடலில் பால் ஊற்றிவிட்டு, ஈரக் காலோடு வந்து பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். வெண்மதி வந்து இறங்கியதும் பஞ்சநாதன் ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"எனக்குக் கால் நல்லா இருக்குங்களே," என்றாள் அவள்.

"தெரியும்மா. போட்டோவுல கண்ணு தெரியாதது தெரியாதும்மா. இதுல உக்காந்தாதான் பாக்குறவங்களுக்குப் புரியும்."

அவளை உட்கார வைத்து நான்கு பேர் மேடைக்குத் தூக்கினார்கள். அப்போதுதான் மருதையன் அவள் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தான். வலது கன்னத்தில், மிளகளவுக்கு, வட்டமாக ஒரு மைப்பொட்டு இருந்தது. சித்தி பக்கத்தில் நின்று, "அவ அம்மாவாட்டம் இருக்கட்டும்னு வச்சேன் சார். நல்லாருக்கா?" என்றாள். மருதையனுக்கு ஓடிவிடலாம் என்று தோன்றியது. தலையை மட்டும் ஆட்டினான்.

மந்திரி முன்னிலையில் பஞ்சநாதன் நாற்பது நிமிடம் பேசினார். "உலகத்திலேயே, இறந்தவர்களைப் பார்வையற்றவர்களும் பார்க்கக்கூடிய ஒரே வாரியம் நம் வாரியம்!" என்றபோது அகரன் எழுந்து நின்று கை தட்டினார். செயல்விளக்கமாக ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் கைபேசியை வைத்தார்கள். அது முதலில் பஞ்சநாதனின் வர்ணனையைக் 'கருணை ததும்பும் கண்கள்' வரை படித்தது. பிறகு அல்லியைப் படித்தது. மச்சம் என்ற சொல் பந்தல் முழுக்கக் கேட்டது. முன்வரிசையில் இருந்த இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அல்லிக்கா? மச்சமா?" என்றாள் ஒருத்தி. "இருந்துச்சுடி. மைக்குலயே சொல்றாங்கல்ல," என்றாள் மற்றவள். மருதையனுக்குச் சால்வை போர்த்தினார்கள். வெண்மதி கையால்தான் போர்த்த வைத்தார்கள்.

சாயங்காலத்துக்குக் காத்திராமல், பந்தல் பிரிக்கும்போதே மருதையன் வெண்மதியும் சித்தியும் இருக்கும் சுனாமி குடியிருப்புக்கு நடந்தான். சால்வையை மடித்து வண்டிப் பெட்டிக்குள் வைத்திருந்தான். வெண்மதி வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். காலடிச் சத்தத்திலேயே கண்டுகொண்டு, "வாங்க சார்," என்றாள். சித்தி மோர் கொண்டுவந்தாள். அவன் வாங்கவில்லை.

"வெண்மதி, நான் ஒண்ணு சொல்லணும்மா. உங்கம்மாவுக்கு அங்க படமே இல்லை."

அவன் நிறுத்தினால் திரும்பத் தொடங்க முடியாது என்று பயந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான். நிழலுருவம், சிவப்பு, பச்சை, அறுபத்து மூன்று பேர், கூட்டத்தில் போட்ட கையெழுத்து வரைக்கும் சொன்னான்.

"அப்ப மச்சம்?" என்றாள் வெண்மதி.

"என் வீட்டுக்காரியோடது."

"இல்ல சார், இருந்துச்சே!" என்று சித்தி குறுக்கே வந்தாள். "நான் பாத்திருக்கேனே! இந்தப் பக்கம், இங்க..."

"சித்தி, நீ பாத்தியா?"

சித்தி மோர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இல்லடி. சர்க்கார்லயே சொல்லும்போது நான் எப்படி இல்லைன்னு சொல்வேன்? நீ வேற அம்புட்டு ஆசையா கேட்டே."

"கண்ணு?" என்றாள் வெண்மதி, அவன் பக்கம் திரும்பி.

"அது நானா சொன்னது."

"அதுக்கு ஆர்டர் ஒண்ணும் வரலையா?"

"இல்லம்மா."

வெண்மதி சித்தியிடம் ஈரத்துணி கேட்டு வாங்கினாள். கன்னத்தில் மை எங்கே இருக்கிறது என்று தெரியாததால் முகம் முழுவதையும் அழுத்தித் துடைத்தாள். மை கன்னமெல்லாம் இழுபட்டுக் கலைந்தது. சித்தி கையை நீட்டினாள். வெண்மதி அந்தக் கையைத் தள்ளிவிட்டு மறுபடியும் துடைத்தாள். அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் மருதையன் தலையைக் குனிந்தான். குனிந்தது அவளுக்குத் தெரியாது என்பதில் அந்த நிலையிலும் ஒரு சின்ன ஆறுதல் பட்டுவிட்டு, அதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டான்.

"எனக்கு அம்மா மூஞ்சி தெரியாது சார்," என்றாள் அவள் துணியை மடித்தபடி. "அது எனக்குச் சின்ன வயசுலேர்ந்து தெரியும். அழுது முடிச்சாச்சு. இப்ப ரெண்டு வாரமா ஒரு மூஞ்சியோட பேசிக்கிட்டிருந்தேன். தூங்குறதுக்கு முன்னால அந்தக் குழியில வெரல வச்சிப் பாத்துக்கிட்டிருந்தேன். அவங்க திரும்ப ஒரு தடவை செத்தாங்கன்னு நான் யார்கிட்ட போய்ச் சொல்றது? அதுக்கும் உங்க தளத்துல ஒரு வெளக்கு ஏத்துவீங்களா?"

மருதையன் அழுதான். சத்தம் வராமல் அழப் பார்த்தான், முடியவில்லை.

"அழுது என்ன சார்? மாத்துங்க. இப்பவே."

கடவுச்சொல் அவன் கைபேசியில் இருந்தது. அல்லி என்ற பெயரைத் திறந்தான். மூன்று வரியையும் அழித்தான். 'படம் இல்லை. இதற்கு முன் இங்கே இருந்த முகம் அலுவலக ஊழியர் மருதையன் இட்டுக்கட்டியது' என்று எழுதிச் சேமித்தான். அரை நிமிடத்தில் பஞ்சநாதன் கூப்பிட்டார்.

"மருதையன்! தொண்ணூத்தொம்பதாயிடுச்சுய்யா! சான்றிதழுக்கப்புறம் ஒரு வர்ணனை மாறியிருக்குன்னு சேப்பு காட்டுது! மந்திரி இன்னும் சர்க்யூட் ஹவுஸ்லதான் இருக்காரு. எங்கயோ ஏதோ கோளாறு!"

"கோளாறு இல்லைங்க சார். படம் இல்லை," என்று சொல்லிவிட்டு மருதையன் அணைத்தான். ஒப்பந்தம் மார்ச் வரைக்கும் என்பது நினைவுக்கு வந்தது. இனி மார்ச் வரைக்கும்கூட இல்லை.

வெண்மதி தன் கைபேசியை எடுத்து விரலை நகர்த்தினாள். அது எழுதியதை எழுதியபடி படித்தது. அவன் பெயரையும் படித்தது. அவள் இன்னொரு முறை போட்டுக் கேட்டாள். பிறகு மடியில் வைத்தாள்.

"அறுபத்து மூணு பேருன்னு சொன்னீங்க."

"ஆமாம்மா."

"மத்த அறுபத்து ரெண்டு?"

"அவங்க வீட்டுல யாரும் அதைக் கேக்கப் போறதில்லம்மா. அவங்களுக்கெல்லாம் கண்ணு தெரியும்," என்றான் மருதையன். சொல்லி முடிக்கும்போதே தான் சொன்னது தன் காதில் விழுந்தது.

வெண்மதி எழுந்தாள். சுவரோரம் தடவிச் செருப்பை மாட்டிக்கொண்டு, கோலை எடுத்து விரித்தாள்.

"இந்தத் தெருவுலயே படம்கூட மிஞ்சாத வீடு நாலு இருக்கு. வாங்க, நான் கூட வர்றேன். தனியா விட்டா நீங்க ரெண்டாவது வீட்டுலயே திரும்பிடுவீங்க."

முதல் வீட்டிலேயே திரும்பிவிடுவோம் என்பது மருதையனுக்குத் தெரியும். முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தான்.